கரண்டு வைக்க மாட்டேன் என்றாள்

என் மனைவிக்கு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. குழம்பில் காரம் குறைந்துகொண்டே போனதில்தான் எனக்குத் தெரிந்தது.

"என்ன, இன்னைக்கும் சப்புன்னு இருக்கு?"

"நாக்குல புண்ணு. ரெண்டு நாளுல ஆறிரும்."

அந்த இரண்டு நாள் இரண்டு மாதம் ஆயிற்று. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையும் களிம்பும் தீர்ந்தன. புண் ஆறவில்லை. சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மென்றாள். காது வலிக்கிறது என்று சொல்லி இரவில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தாள். நாக்கில் புண் இருந்தால் காது ஏன் வலிக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.

நாங்கள் இராஜபாளையத்தில் இருக்கிறோம். நான் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். அவள் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடமாகக் காஸ் துணியை மடித்துப் பாக்கெட் போடுகிறாள். ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு கடைவாய்ப்பல் கூர்மையாக இருந்து நாக்கை உரசுகிறது என்று அதை ராவிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இரண்டாம் முறை போனபோது கையுறை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்தவள் சொன்னாள்: "மாமாவுக்கும் மொதல்ல பல்லு டாக்டருதான் பாத்தாரு."

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம் அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்தது. அவர் புகையிலை போடுகிறவர். ராத்திரி தூங்கும்போதுகூடக் கன்னத்தில் ஒரு துண்டை அடக்கிக்கொண்டுதான் தூங்குவார். இருபது வருடத்துக்கும் மேலே ஆகிவிட்டது. அப்போது கதிர்வீச்சு சிகிச்சைக்கு இருந்தது கோபால்ட் மிஷின். அந்தச் சிகிச்சையை எங்கள் பக்கம் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். அப்பாவுக்குக் கரண்டு வைத்தார்கள். கட்டி கரைந்தது. ஆனால் கன்னமும் கழுத்தும் அடுப்பில் வாட்டியது போலக் கறுத்துப்போயின. வாய் மூடிக்கொண்டே வந்து, கடைசியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. ஒரு வருடம் கழித்துக் கன்னத்தில் ஓட்டை விழுந்தது. குடிக்கிற தண்ணீர் அந்த வழியாகக் கழுத்தில் ஒழுகும். பிறகு தாடை எலும்பு செத்துப்போய், ஒரு நாள் கொட்டாவி விடும்போது முறிந்தது.

அந்தப் புண்ணை ஒன்றரை வருடம் கழுவியவள் என் மனைவி. அப்போது அவளுக்கு இருபத்திநாலு வயது. மகள் கைக்குழந்தை. காலையும் மாலையும் வெந்நீரில் உப்புப் போட்டு, காஸ் துணியை நனைத்து, ஓட்டைக்குள் விட்டுத் துடைத்து எடுப்பாள். நான் ஆலைக்குப் போய்விடுவேன். டபுள் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டுகூடப் போனேன். வீட்டுச் செலவுக்கு என்று சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

ஒரே ஒரு முறை அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் நான் அப்பாவுக்குக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். நான் கட்டைப் பிரித்தேன். கன்னத்தின் ஓட்டை வழியாக அப்பாவின் பற்கள் தெரிந்தன. கட்டை அப்படியே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து வாசலில் நின்றேன். சாயங்காலம் அவள் வந்து கழுவினாள். அப்பா என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவரால் முடியவும் முடியாது. அவளும் கேட்கவில்லை. கட்டு வைத்திருந்த விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள்.

மதுரையில் பரிசோதனை முடிவு வந்தபோது அவள் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "அவரு பொகையில போட்டாரு. நான் என்னத்தப் போட்டேன்?"

எங்களுக்குப் பார்த்த டாக்டர் ஒரு பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். பொறுமையாகச் சொன்னார். "எந்தப் பழக்கமும் இல்லாதவங்களுக்கும் வருதும்மா. ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியல." பிறகு ஒரு தாளில் நாக்கை வரைந்து காட்டினார். இடது பாதியை எடுத்துவிட வேண்டும். கழுத்தில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும். முன்கையிலிருந்து தோலும் சதையும் ரத்தக்குழாயோடு எடுத்து, வெட்டிய இடத்தில் நாக்கு போலத் தைத்துவிடலாம். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் பேசலாம், சாப்பிடலாம்.

என் மனைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "கரண்டு வைப்பீகளா?"

"ஆபரேஷன் முடிஞ்சு ரிப்போர்ட் வரட்டும். பொறவு பாத்துக்கலாம்."

"ஆபரேசன் பண்ணுங்க. கரண்டு வைக்க மாட்டேன்."

அறுவை சிகிச்சை பத்து மணி நேரம் நடந்தது. அடுத்த நாள் பார்த்தபோது கழுத்தில் மூச்சு விட ஒரு குழாய், மூக்கில் உணவு போக ஒரு குழாய், இடது கையில் பெரிய கட்டு. நர்ஸ் மணிக்கு ஒரு தடவை வந்து, வாயைத் திறந்து, டார்ச் அடித்து, புதிதாக வைத்த சதையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஓடுகிறது, நீலமாக மாறினால் உடனே மறுபடி திறக்க வேண்டும் என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். மனைவியின் கைத்தோல் அவள் வாய்க்குள் இருந்தது. பத்தாவது நாள் கழுத்துக் குழாயை எடுத்ததும் அவள் முதலில் சொன்னது எனக்குப் புரியவில்லை. மூன்று முறை சொன்ன பிறகுதான் "வீட்டுக்குப் போவோம்" என்கிறாள் என்று தெரிந்தது.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "கழுத்துல ரெண்டு நெறிக்கட்டியில பரவியிருக்கு. அதுல ஒண்ணுல நோய் கட்டியோட ஓட்ட ஒடைச்சு வெளிய வந்திருக்கு. ரேடியேஷன் கண்டிப்பா வேணும். அதோட வாரம் ஒரு கீமோ. ஆபரேஷன் நடந்து ஆறு வாரத்துக்குள்ள தொடங்கிட்டா நல்லது."

என் மனைவி தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

அன்றிலிருந்து நான் அவளிடம் பேசினேன். ஃபோனில் பார்த்தேன், டாக்டரிடம் கேட்டேன், ஆஸ்பத்திரியில் மிஷின் ஓட்டுகிறவரிடம்கூடக் கேட்டேன். மிஷின் பற்றி என்றால் எனக்குச் சீக்கிரம் விளங்கிவிடும். அவளிடம் விளக்கினேன். "அப்பாவுக்கு வச்ச மிசினு ஒரே பக்கமா நின்னு அடிக்கும். வழியில இருக்குற தோலு, எலும்பு எல்லாத்தையும் சுட்டுட்டுத்தான் போகும். இப்ப உள்ளது ஆளச் சுத்தி வரும். அதுக்குள்ள பல்லு பல்லா தகடு இருக்கு. ஒவ்வொரு தகடும் தனித்தனியா நகரும். எங்க படணுமோ அங்கதான் படும்."

அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். அவளுக்கு அப்போது ரகரமும் லகரமும் சரியாக வராது. ஆனாலும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஒங்களுக்கு மிசினப் பத்தித் தெரியும். எனக்கு அந்த வாயப் பத்தித் தெரியும்."

அப்பாவின் புண்ணை நான் பத்து நாள் கழுவியிருந்தால், "நானும் பார்த்தவன்தானே, அதையும் மீறித்தான் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வாரேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டாள். நான் ஷிப்ட் முடிந்ததும் டவுன் பஸ் ஏறிப் போவேன். அவள் அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே கேட்காதபடி மெதுவாகப் பேசுவார்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. 'நீயா வந்து அந்தப் புண்ணக் கழுவுன?'ன்னு கேக்கா. நான் என்ன பதிலு சொல்ல?"

மகள் ஃபோனில் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் ஒரு தடவை கோபப்பட்டுக் கத்தியும் பார்த்தேன். அவள் எழுந்து போய்த் துணி காயப்போட ஆரம்பித்தாள். ஆறு வாரம் முடிந்தது. ஏழும் முடிந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக்கூடிய காரியமா இது? தினமும் பஸ்ஸில் வன்னியம்பட்டி விலக்கு நிறுத்தத்தைத் தாண்டும்போது, இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிப்பேன். திரும்பி வரும்போது யோசிக்க ஒன்றும் இருக்காது.

எட்டாவது வாரம் கைப்புண்ணைக் காட்டுவதற்காக மதுரைக்குப் போனோம். அதற்கு மட்டும் வந்தாள். காத்திருக்கிற இடத்தில் எங்களுக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். வ. புதுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரு தழும்பு இறங்கியது. என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு எங்க?"

"கன்னத்துலம்மா. ஆபரேசன் பண்ணி, பொறவு கரண்டும் வச்சாக. வச்சு முடிச்சு ஒரு வருசம் ஆச்சு."

"கொஞ்சம் வாயத் தொறங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துண்டை ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். என் மனைவி எழுந்து போய் அவர் முன்னால் குனிந்து நின்று, மூன்று விரலைச் சேர்த்து அவர் வாய்க்குப் பக்கத்தில், தொடாமல், பிடித்துப் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் யாரையும் பொருட்படுத்தவில்லை.

"ரெண்டரை வெரலு போகும்" என்றாள். "தோலு கறுக்கலயா?"

"கறுத்துச்சு. ஆறு மாசத்துல மாறிருச்சு."

"தாடை எலும்பு?"

"ஒண்ணும் ஆகல. ஆனா எச்சி ஊறவே மாட்டேங்கும்மா. தண்ணி பாட்டிலு இல்லாம எங்கயும் போவ முடியாது. ருசியும் முன்ன மாதிரி இல்ல. அம்புட்டுத்தான்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எங்கள் டோக்கன் வருவதற்கு முன்னால், என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "சரி. வச்சுக்கிடுதேன்."

ஒன்றரை மாதமாக நானும், மகளும், அக்காவும், டாக்டரும் பேசிப் பேசித் தோற்றதை முன்பின் தெரியாத ஒருவர் வாயைத் திறந்து காட்டி முடித்துவிட்டார். அவர் மேல் எனக்கு நன்றி வந்தது. கூடவே, இவர் ஒரு மாதம் முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கக்கூடாதா என்றும் இருந்தது.

உடனே தொடங்க முடியவில்லை. சொத்தைப் பற்களை எடுத்து, அந்த இடம் ஆறி, ஸ்கேன் எடுத்து, முகத்துக்கு அச்சு எடுத்து முடிக்கப் பத்தாவது வாரம் வந்துவிட்டது. அச்சு என்பது வலை போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டு இளக்கி முகத்தின் மேல் விரிப்பார்கள். ஆறியதும் மூக்கு, வாய், தாடை எல்லாம் அப்படியே பதிந்து இறுகிவிடும். தினமும் அதை மாட்டி, மேஜையோடு சேர்த்துப் பூட்டித்தான் கரண்டு வைத்தார்கள். தலை ஒரு நூல்கூட அசையக்கூடாது.

வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். காலை ரயிலில் மதுரைக்குப் போய்ப் பஸ்ஸில் திரும்புவோம். ஒரு கால் மணி நேர வேலை. அது முடிகிறவரை அறையின் தடித்த கதவை மூடிவிடுவார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்த அந்த மிஷினை ஒரு நாள்கூட ஓடும்போது பார்க்கவில்லை.

"உள்ள என்ன செய்வ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டு எண்ணுவேன். எழுநூறு வாரதுக்குள்ள முடிஞ்சிரும்."

மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்தது. நான்காவது வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுபடி மூக்கில் குழாய் போட்டார்கள். கீமோ போட்ட அன்று பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். ஆலையில் லீவு சொல்லிவிட்டு நான்தான் பார்த்தேன். சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டி, சிரிஞ்சில் ஏற்றிக் குழாயில் விடுவேன். வேகமாக விட்டால் கையால் நிறுத்துவாள். பேச முடியாது. கண்ணாலேயே திட்டுவாள். கழுத்துத் தோல் உரிந்த இடத்துக்கு மருந்து போட வேண்டியிருந்தது. அதையும் நான்தான் போட்டேன்.

டாக்டர் சொன்னதெல்லாம் நடந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாறு மாதத்தில் தோல் பழைய நிறத்துக்கு வந்தது. வாய் இரண்டரை விரல் திறந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இனிப்பு மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றாள். வேலைக்குத் திரும்பப் போனாள். அப்பாவுக்கு இந்த மிஷின் கிடைத்திருந்தால் என்று இருவரும் ஒரு நாள் பேசிக்கொண்டோம். கரண்டு வைத்து முடித்துப் பதினோராவது மாதம் இருமல் வந்தது. கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை எலும்புக்கு மேலே, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. ஸ்கேனில் நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது.

"இது வெட்டி எடுக்கிற எடத்துல இல்ல. மறுபடி ரேடியேஷன் வச்சும் பிரயோஜனம் இல்ல" என்றார் டாக்டர். "இம்யூனோதெரபின்னு ஒரு மருந்து இருக்கு. இது நேரா கட்டியக் கொல்லாது. நம்ம ஒடம்புல நோய எதிர்க்கிற அணுக்கள் இருக்குல்ல, அது கண்ணுல படாம இந்த நோய் ஒளிஞ்சுக்கிது. மருந்து போட்டா அடையாளம் தெரிஞ்சு அதுவே தாக்கும். இப்ப கொறைஞ்ச அளவுலயே குடுக்கோம், கூட தினமும் சில மாத்திரை. சிலருக்கு நல்லா கேக்குது. சிலருக்குக் கேக்கவே இல்ல. யாருக்குக் கேக்கும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது."

"இது மாமா காலத்துல இருந்துச்சா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப போடுங்க" என்றாள். இந்த முறை யாருடைய வாயையும் அவள் பார்க்கக் கேட்கவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது நான் டாக்டரின் அறைக்கு மறுபடி போனேன். வாசலில் நின்றுகொண்டே கேட்டேன். "மேடம், நாலு வாரம் தள்ளிப் போச்சுல்லா. அதனாலதான் வந்துச்சா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியலங்க. அப்பவே ஓடு ஒடைச்சு வெளிய வந்திருந்த கட்டி அது. சரியான நேரத்துக்குத் தொடங்குனவங்களுக்கும் திரும்ப வருது. தள்ளிப் போனவங்களுக்கு வராமலும் இருக்கு. ஒரு ஆள வச்சு இதனாலதான்னு சொல்ல முடியாது." பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னார். "போன தடவ ஸ்கேனுக்கு வந்தப்ப அவங்களும் இதயேதான் கேட்டாங்க. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."



இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை போகிறோம். ஒரு சின்ன பாட்டில், அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். வாந்தி இல்லை, முடி கொட்டவில்லை, வாய் வேகவில்லை. ஊசி போட்ட மறுநாள் அவள் சமைக்கிறாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. குழாய் இல்லை, வடிகட்ட வேண்டிய கஞ்சி இல்லை, தடவ வேண்டிய மருந்து இல்லை. உதவ ஆள் வேண்டியிருந்த அப்பாவின் நோய்க்கு நான் உதவவில்லை; உதவத் தயாரானபோது, உள்ளே நடப்பதில் யாரும் கைவைக்க முடியாத இடத்துக்கு மருத்துவம் வந்துவிட்டது. அவள் உடம்பே அவளுக்காகச் சண்டை போடுகிறதா, இல்லையா என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். தோள்பட்டைக் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. நுரையீரலில் ஒன்று சுருங்கி, ஒன்று அப்படியே இருந்து, ஒன்று கொஞ்சம் வளர்ந்திருந்தது. "கலந்து இருக்கு" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு மாசம் போட்டுப் பாப்போம்." நல்லதா கெட்டதா என்று நான் கேட்டேன். "கலந்து இருக்கு" என்றே மறுபடி சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அக்காவைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டு, திரும்புவதற்காகப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். நல்ல வெயில். ஒரு கடையின் நிழலில் ஒதுங்கியிருந்தோம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயை நனைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு சங்கதி கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்" என்றாள்.

"கேளு."

"நான் அப்பவே கரண்டு வச்சிருந்தா இது வந்திருக்காதுன்னு நெனைக்கீகளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல புருஷன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் அப்பாவின் கட்டைப் பார்த்தே என்னைக் கண்டுபிடித்தவள் அவள்; பொய் சொன்னால் தெரிந்துவிடும்.

"தெரியல" என்றேன்.

"டாக்டரும் அதான் சொன்னாக" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. ஒரு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவள் பின்கழுத்து மட்டும் தெரிந்தது.